மலையைக் குறை சொல்லும் முன்: செங்கோட்டை, புளியரைப் பக்கத்து ரேடியோ, டிஷ், போன் தகராறுகள்

செங்கோட்டையில் தொடங்கி புளியரை ஏறி ஆரியங்காவு வரை நான் ரேடியோ, டிஷ் வேலைக்குப் போய்வரும் வட்டாரம். 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த ஊர். அதனால் ஒரே வீட்டில் தமிழ்ச் செய்தியும் ஓடும், மலையாளப் பாட்டும் ஓடும். எது கேட்காமல் போனாலும் எல்லா வீட்டிலும் சொல்வது ஒன்றுதான்: "மலை மறைக்குது."

மலை மறைக்கும் அலையும் உண்டு, மலை இருப்பதைப் பற்றியே கவலைப்படாத அலையும் உண்டு. எது எந்த வகை என்று தெரியாமல் ஏரியலை உயர்த்துவதும் டிஷ்ஷைத் திருப்புவதும் வீண் செலவு. நான் எந்த வேலைக்குப் போனாலும் முதலில் அலையின் நீளத்தைத்தான் கணக்குப் போடுவேன். 300-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் நீளம் மீட்டரில் கிடைத்துவிடும். மின்காந்த அலை ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 3 லட்சம் கிலோமீட்டர் போவதால் வருகிற கணக்கு இது.

திருநெல்வேலி வானொலியின் 1197 கிலோஹெர்ட்ஸ் (1.197 மெகாஹெர்ட்ஸ்) மீடியம் வேவ் அலை ஒன்றின் நீளம் சுமார் 250 மீட்டர். கொடைக்கானல் பண்பலையின் 100.5 மெகாஹெர்ட்ஸுக்கு 3 மீட்டர். போனுக்கு ஒரு சாண், ஒன்றரைச் சாண். வீட்டு டிஷ்ஷுக்கு வருவது இரண்டரை சென்டிமீட்டர். இனி தகராறுகளுக்கு வருவோம்.

ரேடியோவில் இரண்டு நிலையம் ஒன்றாகக் கேட்கிறது

சில வருஷம் முன்னால் புளியரையில் ஓர் ஆச்சி கூப்பிட்டு அனுப்பினார். "ரெண்டு பேரு ஒண்ணா பேசுதாவ தம்பி. ஒருத்தர் தமிழ்ல, ஒருத்தர் மலையாளத்துல." அடுப்படிச் சுவர் மாடத்தில் பழைய மீடியம் வேவ் செட். திருநெல்வேலி 1197, திருவனந்தபுரம் 1161. இரண்டுக்கும் இடைவெளி 36 கிலோஹெர்ட்ஸ்தான். நல்ல செட்டுக்கு அது போதும். பழைய செட்டில் டியூனிங் மழுங்கிப்போயிருந்தால் பக்கத்து நிலையம் கசிந்து வரும்.

புது செட் வாங்கச் சொல்லியிருக்கலாம். அதற்கு முன் பின்மூடியைக் கழற்றி ஆச்சியிடம் காட்டினேன். உள்ளே விரல் மொத்தத்தில் கறுப்பாக ஒரு தண்டு, அதன்மேல் நூல் போல் மெல்லிய செம்புக் கம்பி சுற்றியிருக்கும். அதுதான் ஃபெரைட் தண்டு. மீடியம் வேவுக்கு உண்மையான ஏரியல் அதுதான். வெளியே இழுத்துவிடும் கம்பி ஏரியலை எவ்வளவு நீட்டினாலும் பெரும்பாலான செட்டுகளில் மீடியம் வேவுக்கு ஒரு பயனும் இல்லை.

1865-ல் வெளிவந்த கட்டுரையில் இயற்பியல் அறிஞர் மேக்ஸ்வெல் சொன்னது, மாறும் மின்புலம் காந்தப்புலத்தைப் பிறப்பிக்கும், மாறும் காந்தப்புலம் மின்புலத்தைப் பிறப்பிக்கும், இரண்டும் ஒன்றையொன்று பிறப்பித்தபடி வெட்டவெளியில் ஓடும் என்பது. ஓடும் திசை, மின்புலம், காந்தப்புலம் மூன்றும் ஒன்றுக்கொன்று செங்குத்து. மீடியம் வேவ் கோபுரம் நிமிர்ந்து நிற்பதால் அதன் மின்புலமும் நிமிர்ந்து இருக்கும். காந்தப்புலம் தரைக்குக் கிடையாக, அலை வரும் திசைக்குக் குறுக்காக ஆடும். ஃபெரைட் தண்டு பிடிப்பது இந்தக் காந்தப்புலத்தை. தண்டு காந்தப்புலத்தின் வாக்கில் கிடந்தால் சுருளுக்குள் காந்தக்கோடுகள் நிறையப் புகும். தண்டின் நுனி நிலையத்தை நேராகப் பார்த்தால் கோடுகள் குறுக்கே போய்விடும், சுருளுக்குள் ஒன்றும் புகாது. சத்தம் அடங்கிவிடும்.

செங்கோட்டை, புளியரை வட்டாரத்துக்கு இதில் ஒரு கொடுப்பினை உண்டு. திருநெல்வேலி இங்கிருந்து கிழக்கே சற்றுத் தெற்காக, திருவனந்தபுரம் தெற்கே சற்று மேற்காக. இரண்டும் நேர்கோட்டில் 60 கிலோமீட்டர் வாக்கில். இரண்டு திசைக்கும் நடுவே உள்ள கோணம் ஏறக்குறைய 90 டிகிரி. ஆக, தண்டின் நுனியைத் திருவனந்தபுரத்துக்கு நேராக வைத்தால் அந்த நிலையம் அடங்கும், அதே வைப்பில் நெல்லை முழுசாகக் கேட்கும். ஒரே திருப்பலில் இரண்டு காரியமும் முடிகிறது. இப்படி அமைகிற ஊர்கள் குறைவு.

செட்டை மாடத்திலிருந்து எடுத்து மேசையில் வைத்து மெல்லத் திருப்பினேன். மலையாளக் குரல் தேய்ந்து, ஒரு இடத்தில் சட்டென்று இல்லாமல் போயிற்று. விரல்கடை அளவு தாண்டினால் திரும்ப வந்துவிடும். உச்ச ஒலி இருக்கும் இடம் அகலமானது, அடங்கும் இடம் குறுகலானது. அதனால் நல்லாக் கேட்கும் இடத்தைத் தேடாதீர்கள், வேண்டாதது அடங்கும் இடத்தைத் தேடுங்கள். அந்த இடத்தில் மேசைமேல் சாக்பீஸால் கோடு போட்டுக் கொடுத்தேன். மலையாளப் பாட்டு வேண்டும்போது கால்வட்டம் திருப்பச் சொல்லி இன்னொரு கோடும் போட்டேன். ஆச்சியின் பேத்தி அந்த இரண்டாவது கோட்டின் பக்கத்தில் ஒரு தென்னைமரம் வரைந்து வைத்தாள்.

திருப்பியும் அடங்கவில்லை என்றால் செட் இரும்பு பீரோ பக்கத்திலோ தகரக் கூரைக்கு அடியிலோ இருக்கிறது. உலோகத்தில் பாயும் மின்னோட்டம் காந்தப்புலத்தின் திசையையே மாற்றிவிடும். ஜன்னல் பக்கம் கொண்டுபோய் மறுபடி பாருங்கள்.

பகலில் சுத்தமாக இருக்கிறது, ராத்திரி விசில் அடிக்கிறது

செட்டில் பழுது இல்லை. கழற்ற வேண்டாம்.

தரைக்கு மேலே 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் சூரிய ஒளியால் அயனியான, அதாவது காற்று மின்னேற்றம் பெற்ற, ஓர் அடுக்கு உண்டு. பகலில் அது மீடியம் வேவை விழுங்கிவிடும். பொழுது சாய்ந்ததும் அந்த அடுக்கு கரைந்துவிடும். அதற்கும் மேலே உள்ள அடுக்குகள் ராத்திரியும் நிற்கும். அவை அலையைத் திருப்பிக் கீழே அனுப்பும். பகலில் எட்டாத நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தூரத்து நிலையமெல்லாம் வந்து இறங்குவது இப்படித்தான். அப்படி ஓர் அடுக்கு இருக்க வேண்டும் என்று 1902-ல் கென்னலியும் ஹெவிசைடும் தனித்தனியே சொன்னார்கள். 1924-ல் ஆப்பிள்டன் அதை அலை அனுப்பியே காட்டினார், 1947-ல் நோபல் பரிசும் வாங்கினார். நமக்குப் பக்கத்திலேயே, திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவில் 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட்டை ஏவ இடம் தேர்ந்ததும் பூமியின் காந்த நடுக்கோடு அந்த வழியாகப் போவதால்தான். மேல் வளிமண்டலத்தை ஆராய இந்தத் தென்கோடியைவிட வசதியான இடம் குறைவு.

நம் நாட்டில் மீடியம் வேவ் நிலையங்கள் 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் அடுக்கப்பட்டவை. 1197-ஐ 9-ஆல் வகுத்துப் பாருங்கள், மீதி வராது. தூரத்து நிலையம் ஒன்று பக்கத்து எண்ணில் வந்து விழுந்தால் இரண்டு அலையும் மோதி அந்த இடைவெளி உங்களுக்குக் கீச்சென்ற விசிலாகக் கேட்கும். செட்டைத் திருப்பினால் பகலில் போல் முழுக்க அடங்காது. அந்த அலை மேலிருந்து சாய்வாக வருகிறது, புலத்தின் திசையும் வழியில் முறுக்கிக்கொண்டிருக்கும். கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். சத்தம் அலைபோல் ஏறி இறங்கினால், தரை வழியே வந்ததும் வானம் வழியே வந்ததும் சேர்ந்தும் எதிர்த்தும் விளையாடுகின்றன. ராத்திரிக்குப் பண்பலைக்கு மாறிவிடுங்கள்.

கொடைப் பண்பலை அறையில் ஓர் இடத்தில் கேட்கிறது, இரண்டடி தள்ளினால் கரகரக்கிறது

கொடைக்கானல் இங்கிருந்து வடக்கே நேர்கோட்டில் 140 கிலோமீட்டர் வாக்கில். கோபுரம் 2000 மீட்டருக்கு மேல் இருப்பதால் பூமியின் வளைவு அதை மறைக்காது. குறுக்கே இருப்பது வருசநாட்டு, மேகமலைத் தொடர். இங்கே மலையைக் குறை சொல்லலாம். 3 மீட்டர் அலை மலை முகட்டில் பட்டு வளைந்து இந்தப் பக்கம் இறங்கும், ஆனால் மெலிந்து இறங்கும். போதாததற்குக் குற்றாலம் மலையில் பட்டுத் திரும்பியும் ஒரு பங்கு வரும். சுவரில் பட்டு இன்னொரு பங்கு.

நேரே வந்ததும் திரும்பி வந்ததும் ஒரே இடத்தில் சந்தித்தால் சில இடத்தில் கூடும், சில இடத்தில் ஒன்றையொன்று தின்றுவிடும். கூடும் இடத்துக்கும் தின்னும் இடத்துக்கும் நடுவே கால் அலைநீளம், அதாவது 75 சென்டிமீட்டர். இரண்டடி, இரண்டரை அடி. ஜெர்மனியின் கார்ல்ஸ்ருஹேயில் 1888-ல் ஹெர்ட்ஸ் தன் கூடத்துச் சுவரில் துத்தநாகத் தகடு அடித்து, அலையை அதில் மோதவிட்டு, எங்கே பொறி வருகிறது எங்கே வரவில்லை என்று நடந்து நடந்து அளந்துதான் அலையின் நீளத்தைக் கண்டுபிடித்தார். உங்கள் அறையில் ரேடியோவைக் கையில் வைத்து நீங்கள் நடப்பதும் அதே சோதனைதான்.

தற்காலிக வழி, செட்டை நல்ல இடத்தில் வைத்து அங்கேயே விட்டுவிடுவது. நிரந்தர வழி, கூரைமேல் ஓர் இருமுனை ஏரியல். இரண்டு அலுமினியக் குழாய், ஒவ்வொன்றும் 71 சென்டிமீட்டர். நடுவே சிறு இடைவெளி விட்டு ஒரு பிளாஸ்டிக் குழாயில் பொருத்துங்கள். கேபிளின் நடுக்கம்பி ஒரு குழாய்க்கு, மேல்வலை மறு குழாய்க்கு. டிஷ்ஷுக்குப் போடும் அதே 75 ஓம் கேபிள் போதும். இந்த ஏரியலின் மின்மறுப்பு, அதாவது மாறும் மின்னோட்டத்துக்கு அது காட்டும் தடை, 73 ஓம் பக்கம் இருப்பதால் இரண்டும் பொருந்திப்போகும். கொடை வடக்கே இருப்பதால் குழாய்கள் கிழக்கு மேற்காக நீள வேண்டும். அப்புறம் குழாய்களை நிமிர்த்தி வைத்தும் ஒருமுறை பாருங்கள். மலையில் மோதி வரும் அலையின் வாக்கு மாறியிருக்கும், எது நன்றாக வருகிறதோ அப்படியே முடுக்கிவிடுங்கள். மின்கம்பிக்குப் பக்கத்தில் குழாயோடு ஏறாதீர்கள். இடி மழைக்கு முன் கேபிளைச் செட்டிலிருந்து கழற்றிவிடுங்கள்.

மழை வந்தால் டிவி போய்விடுகிறது

இதில்தான் இங்கே அதிகம் பேர் ஏமாறுகிறார்கள்.

முதலில் மலையை விடுங்கள். டிடி ஃப்ரீ டிஷ் வருவது ஜிசாட்-15 செயற்கைக்கோளிலிருந்து. அது நிலநடுக்கோட்டுக்கு மேல் 36,000 கிலோமீட்டர் உயரத்தில், கிழக்கு 93.5 டிகிரியில் நிற்கிறது. செங்கோட்டையிலிருந்து கணக்குப் போட்டால் கிழக்கே கொஞ்சம் தெற்காக, அடிவானத்திலிருந்து 68 டிகிரி உயரத்தில். கிட்டத்தட்ட உச்சந்தலைக்குப் பக்கம். தனியார் சேவைகளின் செயற்கைக்கோள்கள் நிற்கும் இடம் சற்று மாறும், ஆனால் அவையும் உயரத்தில்தான். மலை இருப்பது மேற்கே. அதற்கும் உங்கள் டிவிக்கும் சம்பந்தமே இல்லை. டிஷ் அவ்வளவு நிமிர்ந்து பார்ப்பதாகத் தெரியவில்லையே என்றால், எல்.என்.பி.யை, அதாவது தட்டுக்கு முன்னால் நீட்டிய கையின் நுனியில் அலையைப் பிடிக்கும் கருவியை, கீழே தள்ளி வைத்த வகை அது. தட்டு பார்ப்பதாகத் தெரியும் திசையைவிட உண்மையில் பார்ப்பது இன்னும் உயரே. மறைப்பது அநேகமாக உங்கள் வீட்டுத் தென்னைதான். காற்று அடிக்கும்போது மட்டும் படம் உடைந்தால் மட்டையைப் பாருங்கள்.

அடுத்து, எந்த மழையில் போகிறது என்று கவனியுங்கள். ஐப்பசி மாதத்து இடிமழையில் போய், மழை தணிந்த பத்து நிமிஷத்தில் திரும்பினால் அது இயற்கை. பெருந்துளி ஒவ்வொன்றும் இரண்டு, மூன்று மில்லிமீட்டர், சில நேரம் அதற்கு மேலும் இருக்கும். இரண்டரை சென்டிமீட்டர் அலைக்கு முன்னால் அது பொருட்படுத்தத்தக்க அளவு. துளி அலையைச் சிதறடிக்கும், தண்ணீரே கொஞ்சம் விழுங்கவும் செய்யும். 250 மீட்டர் அலைக்கு அதே துளி தூசிகூட இல்லை, அதனால்தான் அடைமழையிலும் மீடியம் வேவ் அசையாமல் பாடும்.

ஆனால் ஆனி ஆடிச் சாரலில் டிவி போகிறதா? அப்போது மழைமேல் பழி போடாதீர்கள். சாரல் துளி மிகச் சிறியது, வானத்தில் அது தடுப்பது சொற்பம். சாரலில் போகும் டிவி என்றால் உங்கள் இணைப்பில் தண்ணீர் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். மழை விட்டு இரண்டு நாளாகியும் சிக்னல் முழுசாக ஏறவில்லை என்றால் சந்தேகமே வேண்டாம்.

எல்.என்.பி.யில் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். நடுக்கம்பி செம்பு நிறத்தில் பளபளக்க வேண்டும். பச்சையோ கறுப்போ பூத்திருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. மேல்வலையைப் பிரித்தால் வெள்ளைப் பொடி உதிரும். கேபிளுக்குள் இருக்கும் நுரை பிளாஸ்டிக்கை நம்பித்தான் 75 ஓம் கணக்கு போட்டிருக்கிறார்கள். அந்தப் பிளாஸ்டிக்கின் மின்காப்பு மாறிலி (மின்புலத்துக்கு ஒரு பொருள் எவ்வளவு இணங்கும் என்ற அளவு) 2-க்கு உள்ளே, தண்ணீருக்கோ 80. நனைந்த இடத்தில் அலை வேறொரு ஊடகத்துக்குள் நுழைகிறது, பாதி திரும்பிப்போகிறது, மீதி அங்கேயே சூடாகிறது. துடைத்து மறுபடி போடுவது பயன்படாது. கறுத்த இடம் தாண்டி, வெள்ளை நுரையும் பளபளப்பான செம்பும் வரும்வரை வெட்டிவிட்டுப் புதுக் கனெக்டர் போடுங்கள். கேபிள் எல்.என்.பி.க்கு ஏறும் முன் ஒரு வளைவு கீழ்நோக்கித் தொங்கட்டும், தண்ணீர் அதன் அடியில் சொட்டிவிடும். நடுவழியில் முறுக்கி டேப் சுற்றிய ஒட்டு இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். சாரல் ஊரில் டேப் ஒரு பருவம்கூட நிற்காது.

இரண்டும் சரியாக இருந்தால் டிஷ் நகர்ந்திருக்கும். கணவாய்க் காற்று சாதாரணமானதில்லை. 60 சென்டிமீட்டர் தட்டு பார்க்கும் அகலம் மொத்தமே 3 டிகிரி பக்கம். ஒன்றரை டிகிரி சாய்ந்தால் சிக்னல் பாதி. அந்த ஒன்றரை டிகிரிக்குத் தட்டின் ஒரு விளிம்பு மறு விளிம்பைவிட ஒன்றரை சென்டிமீட்டர் தள்ளினால் போதும். கண்ணுக்குத் தெரியாது. வெயிலில் படம் வந்துகொண்டுதான் இருக்கும், கொஞ்சம் மேகம் திரண்டதும் போய்விடும். போல்ட்டைத் தளர்த்தி, மீட்டரையோ செட்டாப் பாக்ஸின் சிக்னல் பட்டையையோ பார்த்துக்கொண்டு மில்லிமீட்டர் கணக்கில் நகர்த்துங்கள்.

பாதி சேனல் வருகிறது, பாதி வரவில்லை

செயற்கைக்கோள் அனுப்பும் அலைகளில் ஒரு பங்கின் மின்புலம் நிமிர்ந்து ஆடும், மறு பங்கின் மின்புலம் கிடையாக ஆடும். ஒரே அலைவரிசையில் இரண்டு பொதியை அனுப்ப அது வசதி. எதைப் பிடிக்க வேண்டும் என்று செட்டாப் பாக்ஸ் எல்.என்.பி.க்குச் சொல்வது கேபிள் வழி போகும் மின்னழுத்தத்தால். 13 வோல்ட் என்றால் நிமிர்ந்தது, 18 வோல்ட் என்றால் கிடை. கனெக்டர் பூத்துப்போனால் 18 வோல்ட் எல்.என்.பி. போய்ச் சேரும்போது 14, 15 ஆகிவிடும். எல்.என்.பி. அதை 13 என்று எடுத்துக்கொள்ளும். கிடை அலையில் வரும் சேனல்கள் மொத்தமும் காணாமல் போகும். மல்டிமீட்டரால் எல்.என்.பி. முனையில், இணைத்த நிலையிலேயே அளந்து பாருங்கள். புது செட்டாப் பாக்ஸ் வாங்கி ஏமாந்தவர்கள் எனக்குத் தெரிந்தே பலர்.

மார்ச்சிலும் செப்டம்பரிலும் சில நாள், முற்பகலில் சில நிமிஷம் டிவி போகிறது

சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வந்து நிற்கிறது. சூரியனும் எல்லா அலைவரிசையிலும் இரைச்சல் அனுப்பும் ஒரு பொருள்தானே. ஜிசாட்-15-க்கு நம் ஊரில் இது மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் பதினொரு மணி வாக்கில் நடக்கும். அந்த நேரத்தில் மாடிக்குப் போய்ப் பாருங்கள், தட்டில் பட்ட வெயில் சரியாக எல்.என்.பி. முகத்தில் குவிந்திருக்கும். டிஷ் சரியாகப் பொருந்தியிருக்கிறது என்பதற்கு இலவசச் சான்று. எதையும் தொட வேண்டாம்.

ரேடியோவில் ஓயாத கொர் சத்தம்

செட்டை பேட்டரியில் ஓட்டுங்கள், வீட்டு மெயினை அணையுங்கள். சத்தம் நின்றால் குற்றவாளி வீட்டுக்குள். ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டு வாருங்கள். மலிவு எல்.இ.டி. பல்பும் போன் சார்ஜரும்தான் முதல் சந்தேகம். அவற்றின் உள்ளே மின்னோட்டம் விநாடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டிப் போகிறது. வெட்டுப்படும் மின்னோட்டம் என்றால் அது சின்ன ஒலிபரப்பி. மீடியம் வேவ் அலை நீளமானதால் வீட்டுக்குள் எல்லாமே மிக அருகில்தான், அங்கே காந்தப்புலம் தூரத்தின் முப்படியில் தேயும். தூரம் இரண்டு மடங்கானால் எட்டில் ஒரு பங்கு. ரேடியோவை மூன்றடி தள்ளி வைப்பதே பல வீட்டில் போதும்.

மெயினை அணைத்தும் நிற்கவில்லை, நல்ல மழை பெய்து கழுவியதும் சில நாள் நிற்கிறது என்றால் தெருக் கம்பத்து இன்சுலேட்டரில் தூசி படிந்து பொறி பறக்கிறது. மின்வாரியத்துக்குக் கம்பத்தின் எண்ணோடு எழுதிக் கொடுங்கள், நீங்கள் ஏறாதீர்கள்.

புளியரை வளைவில் போனும், குகைக்குள் ரேடியோவும் நிற்கிறது

போனில் சிக்னல் கட்டை இருந்தும் பேச்சு அறுந்தால், பெரும்பாலும் போன் பின்னால் விட்டுவந்த கோபுரத்தையே பிடித்துத் தொங்குகிறது. விமானப் பயன்முறையில் பத்து விநாடி போட்டு எடுங்கள், கிட்டத்தில் உள்ளதைத் தேடிப் பிடிக்கும். கட்டையே இல்லையென்றால் மலைச்சுவர் ஓரத்திலிருந்து பள்ளத்தாக்கு ஓரத்துக்கு வாருங்கள், அப்புறம் ஒரு முழம் இப்படி அப்படி நகருங்கள். போனின் அலை சாண் கணக்கு என்பதால் ஒரு முழத்துக்குள்ளேயே நல்ல இடமும் கெட்ட இடமும் இருக்கும்.

பகவதிபுரத்துக்கும் ஆரியங்காவுக்கும் நடுவே ரயில் குகைக்குள் நுழையும்போது இரண்டு ரேடியோவைக் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். மீடியம் வேவ் வாசலிலேயே நின்றுவிட்டது. பண்பலை கரகரத்தபடி இன்னும் கொஞ்ச தூரம் கூடவே வந்தது. குகை ஒரு குழாய். அதன் அகலத்தைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் நீளமான அலை உள்ளே ஓட முடியாது. ஐந்து மீட்டர் அகலம் என்றால் வரம்பு பத்து மீட்டர். 250 மீட்டர் அலை எப்படி நுழையும்? 3 மீட்டர் அலை நுழையும், ஈரப்பாறை அதைக் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கும். இதில் சரிசெய்ய ஒன்றும் இல்லை. ரயில் வெளியே வந்ததும் தானாகப் பாடும், ஆனால் ரயில் வளைந்து திரும்பியிருக்கும், மீடியம் வேவ் செட்டை மறுபடி திருப்பி வைக்க வேண்டியிருக்கும்.